வீட்டு நேர சிக்னல்: மேசைக் கடிகாரம் எடுக்கிறது, சுவர்க்கடிகாரம் எடுக்க மாட்டேன் என்கிறது

நொடிமுள்:

வணக்கம். என்னிடம் இரண்டு டி.சி.எஃப்.77 ரேடியோ கடிகாரங்கள் இருக்கின்றன, அதாவது ஜெர்மனியின் டி.சி.எஃப்.77 நேர நிலையம் அனுப்பும் சிக்னலைக் கேட்டுத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்பவை. ஒன்று எண் காட்டும் மேசைக் கடிகாரம், மற்றது முள் வைத்த சுவர்க்கடிகாரம். ஆறு நிலையங்களை எடுக்கும் கேசியோ கைக்கடிகாரம் ஒன்றும் உண்டு, அதை அப்புறம் பார்க்கலாம்.

ஜெர்மனியின் மெயின்ஃப்ளிங்கனில் இருந்து வரும் 77.5 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 2000 கிலோமீட்டர் வரைதான் எட்டும் என்பார்கள். நான் அதைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிறேன். சிக்னல் இல்லாவிட்டால் இவை வெறும் குவார்ட்ஸ் கடிகாரங்கள்தான். சுவரில் இருப்பது ஒரு நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் ஓடிவிடுகிறது. பெயர் மட்டும் ரேடியோ கடிகாரம்!

அதனால் நானே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் செய்தேன். இ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகண்ட்ரோலர்), வைஃபை வழியாக என்.டி.பி.யில் (இணைய நேரச் சேவை) நேரம் எடுக்கிறது. அதில் அலை உண்டாக்கும் எல்.இ.டி.சி. பிரிவில் 77500 ஹெர்ட்ஸ், 8 பிட், டியூட்டி பாதி (ஒவ்வொரு அலையிலும் பாதி நேரம் ஆன்). போர்டின் ஒரு பின்னிலிருந்து (மின்கால்) 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு செத்த கடிகாரத்தின் ஃபெரைட் ராடு, அதாவது குச்சியில் காயில் சுற்றிய ஆன்டெனா. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையை அணைக்கிறேன். பூஜ்யத்துக்கு 100 மில்லி நொடி, ஒன்றுக்கு 200. 59-ஆம் நொடியில் அணைப்பதே இல்லை.

மேசைக் கடிகாரம் பத்து சென்டிமீட்டரில் வைத்தால் சில நிமிடத்தில் நேரம் எடுத்துவிடுகிறது. சுவர்க்கடிகாரம் அசையவில்லை. பேட்டரி போட்டதும் முட்கள் சுற்றி 12-இல் போய் நிற்கின்றன, காத்திருக்கின்றன, அப்புறம் 12 மணியிலிருந்தே ஓட ஆரம்பிக்கின்றன. ஃபெரைட் ராடை அதன் முதுகிலேயே ஒட்டி வைத்தும் பயனில்லை. பவர் போதவில்லை என்று நினைக்கிறேன். பின்னுக்கும் காயிலுக்கும் நடுவே எந்த டிரான்சிஸ்டர் போடலாம்?

சால்டர்_புகை:

பி.சி.547 போதும். பேஸில் 1 கிலோ ஓம், கலெக்டரில் காயில், 5 வோல்ட். முடிந்தது.

பழைய_வால்வு:

டிரான்சிஸ்டரைக் கீழே வையுங்கள் தம்பி. ராடை முதுகில் ஒட்டியும் எடுக்கவில்லை என்றால் அது பவர் பிரச்சினை இல்லை. அந்தத் தூரத்தில் உங்கள் காயில் தரும் காந்தப்புலம் அசல் நிலையம் தருவதைவிட எவ்வளவோ மடங்கு. இன்னும் கூட்டினால் ஏற்பிச் சிப் திணறத்தான் செய்யும்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: 8 பிட். இ.எஸ்.பி.32-இன் அந்தப் பிரிவு 80 மெகாஹெர்ட்ஸை ஒரு வகுப்பானால் வகுத்து அலையை உண்டாக்குகிறது. வகுப்பானில் முழு எண்ணுக்கு அப்பால் 256-இல் ஒரு பங்கு வரைதான் நுட்பம். 77500-ஐ 8 பிட்டுக்குரிய 256 படிகளோடு கேட்டால் வகுப்பான் 4.032 ஆக வேண்டும். 256-இன் பங்குகளில் அது 1032.26. வன்பொருள் 1032-ஐத்தான் வைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் வெளியே வருவது 77519 ஹெர்ட்ஸ். நீங்கள் 77500 என்று எழுதினீர்கள், போர்டும் ஒரு பிழையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. நிஜமாக என்ன அதிர்வெண் ஓடுகிறது என்று திருப்பிக் கேட்கும் கட்டளை அந்த நூலகத்திலேயே இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

19 ஹெர்ட்ஸ் தானே என்று தோன்றும். நல்ல சுவர்க்கடிகாரத்தில் ஃபெரைட் ராடுக்கும் சிப்புக்கும் பக்கத்தில் 77.5 கிலோஹெர்ட்ஸுக்கென்றே வெட்டிய ஒரு குட்டிக் கிரிஸ்டல் இருக்கும். அதன் வாசல் மிகக் குறுகியது. வீட்டில் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் போடும் இரைச்சலை வெளியே நிறுத்துவதற்காகவே அப்படி வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு இந்த வீட்டில் ஏன் திறக்கவில்லை என்றால் எப்படி? உங்கள் மேசைக் கடிகாரத்தின் வடிகட்டி கொஞ்சம் அகலமாக இருக்கும், அதனால் 77519-ஐயும் விட்டுவிட்டது. அது எடுத்ததால்தான் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது: 8 பிட்டை 6 பிட் ஆக்குங்கள். படிகள் 64 ஆகக் குறையும், வகுப்பான் 256-இன் பங்குகளில் 4129 ஆகும், வெளியே 77500.6 ஹெர்ட்ஸ் வரும். நுட்பத்தைக் குறைத்தால் அதிர்வெண் துல்லியமாகிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

அப்புறம் இன்னொன்று. அலையை முழுக்க அணைக்காதீர்கள். அசல் டி.சி.எஃப்.77 ஒவ்வொரு நொடியிலும் வீச்சைச் சுமார் 15 சதவீதத்துக்குத்தான் இறக்குகிறது. பெரும்பாலான கடிகாரங்கள் முழு அணைப்பையும் ஏற்றுக்கொள்ளும், சில பிடிவாதம் பிடிக்கும். சதுர அலையின் அடிப்படை வீச்சு, டியூட்டியை π-ஆல் (3.14) பெருக்கி அதற்கு சைன் எடுத்தால் வரும் அளவுக்கு நேர்விகிதம். 64 படியில் 32 வைத்தால் முழு வீச்சு, 3 வைத்தால் 14.7 சதவீதம். டியூட்டி 32-க்கும் 3-க்கும் நடுவே மாறினால் போதும், தனிச் சுற்று எதுவும் தேவையில்லை.

ஆயத்த_ஆள்:

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வைஃபையில் நேரம் எடுக்கிறீர்கள், அதைக் குறியீடாக்கி ரேடியோவில் அனுப்புகிறீர்கள், கடிகாரம் அதை மறுபடி பிரித்து எடுக்கிறது. அந்த போர்டிலேயே ஒரு டிஸ்ப்ளே மாட்டினால் வேலை முடிந்ததே?

நொடிமுள்:

ஆயத்த_ஆள், டிஸ்ப்ளேக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். இந்தச் சுவர்க்கடிகாரம் ஒரே ஒரு பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுகிறது. தவிர, முட்கள் தாமாகச் சுற்றிப்போய்ச் சரியான இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பாதிக் காரணம்.

பழைய_வால்வு சார், அதேதான்! 6 பிட் மாற்றியதும் சுவர்க்கடிகாரம் எடுத்துவிட்டது. ராடு அரை மீட்டர் தள்ளியிருந்தும் எடுத்தது. ஆனால் நேரம் சரியாக ஒரு நிமிடம் பின்னால் இருக்கிறது. மேசைக் கடிகாரத்திலும் அப்படியே, இதுவரை நான் கவனிக்கவில்லை. நொடி மட்டும் கச்சிதம்.

பழைய_வால்வு:

டி.சி.எஃப்.77 இந்த நிமிடத்தைச் சொல்வதில்லை, அடுத்த நிமிடத்தைச் சொல்கிறது. 59-ஆம் நொடியில் இறக்கம் கிடையாது, அதன் பிறகு வரும் முதல் இறக்கம்தான் "இப்போது சொன்ன நேரம் தொடங்கிவிட்டது" என்ற அடையாளம். ஆகவே நீங்கள் குறியீடு தயாரிக்கும்போது 60 நொடி கூட்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிட எண்ணில் மட்டும் ஒன்று கூட்டி வைக்காதீர்கள், 59-க்குப் பிறகு 60 என்று ஒரு நிமிடம் பிறந்து குழப்பும். யூனிக்ஸ் நேரத்தில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) 60 கூட்டி, அதிலிருந்து மணி, நாள், மாதம் எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். நள்ளிரவும் வருடக் கடைசியும் அப்போதுதான் சரியாக வரும்.

அப்படியே 17, 18-ஆம் பிட்டுகளையும், அதாவது அந்த நொடிகளில் போகும் பூஜ்யத்தையோ ஒன்றையோ, பாருங்கள். கோடை நேரம் என்றால் 17 ஒன்று, சாதாரண நேரம் என்றால் 18 ஒன்று. இரண்டும் பூஜ்யமாகவோ இரண்டும் ஒன்றாகவோ இருந்தால் சில கடிகாரங்கள் அந்த நிமிடத்தையே தள்ளிவிடும். உங்களுக்குக் கோடை நேரம் தேவையில்லை என்றால் 18-ஐ எப்போதும் ஒன்றாக வைத்துவிட்டு, உங்கள் ஊர் நேரத்தை ஜெர்மனி நேரம் போல அனுப்புங்கள். கடிகாரத்துக்குத் தான் எந்த ஊரில் தொங்குகிறது என்று தெரியாது. அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் உள்ள இடங்களிலும் இந்த வழி செல்லும். கடிகாரத்தின் மண்டலப் பொத்தான் முழு மணிக்கணக்கில்தான் நகரும், அதை நம்பி உட்கார முடியாது.

20-ஆம் பிட் எப்போதும் ஒன்று. நிமிடம், மணி, தேதி மூன்றுக்கும் தனித்தனியாக இரட்டைப் பேரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி வைக்கும் சோதனைப் பிட்): 28, 35, 58. மேசைக் கடிகாரம் ஏற்றுக்கொண்டது என்றால் இதெல்லாம் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும்.

நொடிமுள்:

60 நொடி கூட்டினேன், இரண்டும் சரியாகிவிட்டன. நன்றி சார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, இந்த ராடு அரை மீட்டருக்கு மேல் போனால் சுவர்க்கடிகாரத்துக்கு எட்டவில்லை. அறை முழுக்க வர வேண்டுமானால் இப்போதாவது டிரான்சிஸ்டர் போடலாமா? இரண்டு, கைக்கடிகாரத்துக்கு என்ன செய்வது?

பழைய_வால்வு:

டிரான்சிஸ்டர் மேல் உங்களுக்கு ஒரு கண்!

77.5 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 3.87 கிலோமீட்டர். உங்கள் வீட்டுக்குள் நடப்பது எதுவும் ரேடியோ அலையே இல்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு மின்மாற்றியின் கசிவு மாதிரி வெறும் காந்தப்புலம்தான். சின்னக் காயிலின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று. எட்டு மடங்கு மின்னோட்டம் கொடுத்து அரை மீட்டரை ஒரு மீட்டர் ஆக்குவது நஷ்ட வியாபாரம்.

அதற்குப் பதில் கடிகாரத்தைக் காயிலுக்குள் வையுங்கள். ஃபெரைட் ராடைத் தூக்கிப் போட்டுவிட்டு, அறையின் சுவரை ஒட்டி ஒரே ஒரு சுற்று மெல்லிய ஒயர் ஓட்டுங்கள். கேட்கும் கருவி அணிந்தவர்களுக்காக அரங்குகளில் இப்படித்தான் தரையைச் சுற்றி ஒயர் வைப்பார்கள். ஒரு முனை 1 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. இரண்டு மீட்டர் ஆரமுள்ள ஒரு சுற்றின் தூண்டல் 20 மைக்ரோஹென்றி அளவுதான், இந்த அதிர்வெண்ணில் அது சுமார் 10 ஓம். ரெசிஸ்டருக்கு முன் ஒன்றுமே இல்லை, ஆகவே டியூன் செய்ய கெப்பாசிட்டரும் வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்? 1 மில்லி ஆம்பியர் ஓடினாலே நடுவில் 0.3 நானோடெஸ்லா. வானொலிக் கணக்கில் சொன்னால் மீட்டருக்கு 90 மில்லிவோல்ட்டுக்கு மேல். மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் வந்தாலே அசல் நிலையத்தின் நல்ல வலுவான சிக்னல். உங்கள் பின் 3.3 வோல்ட்டில் 1 கிலோ ஓம் வழியாக இரண்டு மில்லி ஆம்பியர் உச்சம் தரும். தேவைக்கு மிஞ்சியதுதான். ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓம் வரை ஏற்றிப் பாருங்கள், அப்போதும் எடுக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தரையோடு ஒட்டி ஒயர் ஓட்டினால் அறை நடுவில் புலம் மேலும் கீழுமாகத்தான் இருக்கும். சுவர்க்கடிகாரத்துக்குள் ராடு பெரும்பாலும் கிடையாகப் படுத்திருக்கும். கிடையான ராடுக்கும் செங்குத்தான புலத்துக்கும் ஒட்டாது. ஒயருக்கு அருகில் புலம் வளைவதால் கொஞ்சம் கிடைக்கலாம், ஆனால் அதை நம்ப வேண்டாம். கடிகாரம் தொங்கும் சுவருக்குப் பக்கத்துச் சுவரில், ஒயரைச் செங்குத்தான சதுரமாக ஓட்டுங்கள். முதலில் கடிகாரத்தைத் திறந்து ராடு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது உத்தமம்.

ஒதுங்கிய_அலை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இப்படி அனுப்ப அனுமதி வேண்டாமா? அசல் சிக்னல் வரும் இடத்தில் யாராவது இதைச் செய்தால் பக்கத்து வீட்டுக் கடிகாரம் கெட்டுப்போகாதா?

பழைய_வால்வு:

நியாயமான கேள்வி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வரம்பு. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் அனுப்ப, அங்குள்ள நேர நிலையத்தின் 60 கிலோஹெர்ட்ஸில் 300 மீட்டர் தள்ளி மீட்டருக்கு 40 மைக்ரோவோல்ட் வரை விடுகிறார்கள். நான் சொன்ன சுற்றில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 30 மீட்டரிலேயே 14 மைக்ரோவோல்ட் அளவுக்கு இறங்கிவிடும், 300 மீட்டரில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. அசல் சிக்னல் வரும் ஊரில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், தேவையும் இல்லை. வராத ஊரிலும் ரெசிஸ்டரை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள், இரவில் ஓரிரு மணி நேரம் மட்டும் ஓட விடுங்கள். கடிகாரங்கள் பெரும்பாலும் தம் கணக்கில் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத்தான் கேட்கும். மற்ற நேரத்தில் கத்தி என்ன பயன்?

மூன்றாம்_இசைவு:

கைக்கடிகாரத்துக்கு நான் சொல்கிறேன். 77.5-ஐ விட்டுவிட்டு ஜப்பானின் நேர நிலையமான ஜே.ஜே.ஒய். பக்கம் வாருங்கள். காரணம், 40 கிலோஹெர்ட்ஸ். பழைய_வால்வு அண்ணன் போட்ட வகுப்பான் கணக்கை 40000-க்குப் போட்டுப் பாருங்கள்: 8 பிட்டிலேயே சரியாக 2000, மிச்சம் பூஜ்யம். கோடை நேரத் தொல்லையும் கிடையாது. 60 கிலோஹெர்ட்ஸில் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி.பி.யும் உண்டு, ஆனால் அது உலகப் பொது நேரத்தை அனுப்பி மண்டலத்தைக் கடிகாரத்தின் தலையில் கட்டுகிறது.

ஜே.ஜே.ஒய். குறியீடு தலைகீழ். நொடி தொடங்கும்போது வீச்சு ஏறும், அப்புறம் பத்து சதவீதத்துக்கு இறங்கும். 0.8 நொடி ஏறியிருந்தால் பூஜ்யம், 0.5 என்றால் ஒன்று, 0.2 என்றால் அடையாளக்குறி. அடையாளக்குறி 0, 9, 19, 29, 39, 49, 59-ஆம் நொடிகளில். மாதமும் தேதியும் கிடையாது, வருடத்தின் எத்தனையாவது நாள் என்றுதான் அனுப்ப வேண்டும். இங்கே அந்த 60 நொடி கூட்டும் வேலை இல்லை, நடப்பு நிமிடத்தையே அனுப்பலாம். அசல் நிலையம் 15, 45-ஆம் நிமிடங்களில் நடுவே மோர்ஸில் தன் பெயரைத் தட்டும். நீங்கள் யாருக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான குறியீட்டையே அனுப்புங்கள்.

போர்டே இல்லாமலும் முடியும். தொலைபேசியில் 13.333 கிலோஹெர்ட்ஸ் ஒலியை முழுச் சத்தத்தில் ஓட விட்டால் அதன் மூன்றாம் இசைவு (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் அலை) 40 கிலோஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் காயிலோ ஹெட்போன் ஒயரோ ஆன்டெனா. இதற்கான செயலிகள் நிறையவே இருக்கின்றன. கைக்கடிகாரத்தை ஸ்பீக்கர் மேல் வைத்து, காதைப் பொத்திக்கொண்டு, சில நிமிடம் அசையாமல் விட வேண்டும். 2011-இல் ஜப்பானில் நிலநடுக்கமும் அணுஉலை விபத்தும் வந்தபோது ஃபுகுஷிமாவின் 40 கிலோஹெர்ட்ஸ் நிலையம் ஆள் வெளியேற்றும் வட்டத்துக்குள் மாட்டி மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை நின்றுபோனது. அப்படி ஒரு நிலையம் நிற்கும்போதுதான் இந்த மாதிரி குறுக்கு வழிகளின் அருமை தெரியும்.

நொடிமுள்:

ஜே.ஜே.ஒய். எழுதிவிட்டேன், ஆனால் கைக்கடிகாரத்தில் என் ஊரைச் சொந்த நகரமாக வைத்தால் அது ரேடியோவைக் கேட்கவே மறுக்கிறது.

மூன்றாம்_இசைவு:

மறுக்கத்தான் செய்யும். எந்த நிலையத்தைக் கேட்பது என்பதை அது சொந்த நகரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நிலையமே எட்டாத நகரம் என்றால் கேட்டுப் பேட்டரியை வீணாக்காது. சொந்த நகரத்தை டோக்கியோ ஆக்குங்கள்.

அதன் பிறகு இரண்டு வழி. முதல் வழி, உங்கள் ஊர் நேரத்தையே டோக்கியோ நேரம் போல அனுப்புவது. இரவில் தானே எடுத்துக்கொள்ளும், நீங்கள் தொட வேண்டியதில்லை. ஆனால் உலக நேரப் பக்கம் முழுக்கத் தப்பாகிவிடும், லண்டனைப் பார்த்தால் வேறு எங்கோ இருக்கும். இரண்டாவது வழி, நிஜமான ஜப்பான் நேரத்தை அனுப்பி, கையால் பொத்தான் அழுத்தி எடுக்கவைத்து, பிறகு சொந்த நகரத்தை உங்கள் ஊருக்கு மாற்றுவது. அரை மணி வித்தியாசத்தையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், உலக நேரமும் சரியாக இருக்கும். தானாக எடுப்பது மட்டும் போய்விடும்.

நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். இந்தக் கடிகாரங்கள் சிக்னல் இல்லாமலே மாதத்துக்கு 15 நொடிக்குள் நிற்கும், மாதம் ஒருமுறை எடுத்தால் போதும்.

பழைய_வால்வு:

நான் முதல் வழி. உலக நேரம் பார்க்கத் தொலைபேசி இருக்கிறது. பொத்தான் அழுத்தித்தான் நேரம் வைக்க வேண்டும் என்றால் நொடிமுள் தம்பி இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

தம்பி, ஒரே போர்டில் 77.5-ஐயும் 40-ஐயும் இரண்டு தனிப் பின்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாம், எல்.இ.டி.சி.யில் தனித்தனி டைமர் கொடுத்தால் போதும். இரண்டு சேனலையும் ஒரே டைமரில் மாட்டிவிடாதீர்கள், கடைசியாக வைத்த அதிர்வெண் இரண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.